பதினோராம் பொருத்தம்

தாரகையைப் பெண் பார்க்க வந்த அன்று மௌலியின் அம்மா சுகன்யா ஜாதகத்தைக் கையில் வாங்கவே இல்லை. பத்துப் பொருத்தத்தையும் தரகர் விரல் மடக்கிச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, "அந்தப் பதினொண்ணாவது?" என்று கேட்டாள்.

"அதைப் பாக்காம உங்களைக் கூட்டிட்டு வருவனுங்களா?" என்றார் தரகர். "அச்சுல வார்த்த மாதிரி சேருதுங்க."

சுகன்யாவின் முகத்தில் அதுவரை இருந்த இறுக்கம் தளர்ந்தது. நகை, சீர் என்று எதுவும் வேண்டாம், பெண்ணை அனுப்பினால் போதும் என்றாள். தாரகையின் அப்பாவும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெள்ளகோவிலில் அவர்கள் தெருவில் யாருக்கும் அப்படி ஒரு சம்பந்தம் அமைந்ததில்லை.

பெண்ணும் பிள்ளையும் பேசட்டும் என்று பின்பக்கம் அனுப்பினார்கள். மௌலி மெதுவாக நடந்து வந்தான். இருபத்தாறு வயதுதான், ஆனால் முதுகு முன்பக்கம் வளைந்திருந்தது. யாரையாவது பார்க்க வேண்டுமென்றால் கழுத்தைத் திருப்பாமல் ஆளே திரும்பினான்.

"உங்ககிட்ட மறைக்கக் கூடாதுங்க," என்றான். "என்ற முதுகெலும்பு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டே வருது. கிருமி வந்தா சண்டை போடறதுக்குன்னு ஒடம்புக்குள்ள ஒரு படை இருக்குதுல்லங்க, அது ஆள் தெரியாம என்ற எலும்பையே அடிக்குது. மாத்திரை, ஊசி எல்லாம் அந்தப் படையவே மயக்கத்துல போடறதுதான். கொஞ்ச நாள் கேட்டுது. அப்பறம் ஊசி வேலை செய்யறதை நிறுத்திருச்சு. படை மயங்கிக் கெடந்த நேரத்துல நெஞ்சுல டி.பி. வேற வந்து போச்சு."

"இப்ப?"

"எல்லார் ஒடம்புலயும் அந்தப் படையை அடக்கி வெக்கற செல்லு கொஞ்சம் இருக்குதுங்க. தணிப்புச் செல்லுங்கறாங்க. எனக்கு அது சரியா இல்ல. சேர்ற ஆளுகிட்ட இருந்து எடுத்து ஏத்துனா படை அடங்கீருது. கிருமி வந்தா சண்டையும் போடுது. மூணு மாசத்துக்கு ஒருக்கா ஏத்தோணும்."

"குடுக்கறவங்களுக்கு?"

"ரெண்டு நாள் காச்சல் இருக்கும்னு சொல்றாங்க." கொஞ்சம் நிறுத்தி, "எனக்குத் தெரியிலிங்க. நான் குடுத்ததில்ல," என்றான்.

அந்தக் கடைசி வார்த்தைக்காகவே தாரகைக்கு அவனைப் பிடித்துப் போயிற்று. அவள் அப்போது அரசு நகரப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தாள். காய்ச்சலோடு வண்டியை எடுத்துக்கொண்டு போய் முழு ஷிப்ட்டும் பார்த்த நாட்கள் உண்டு. இரண்டு நாள் காய்ச்சல் அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

ஒன்பது வருஷம் ஓடிவிட்டது.

இரண்டு நாள் காய்ச்சல் என்பது முதல் வருஷத்தோடு முடிந்தது. பிறகு ஒரு வாரமாயிற்று, பிறகு இன்னும் நீண்டது. கொடுத்துவிட்டு வந்த மறுநாள் விரல் மூட்டெல்லாம் வீங்கிக்கொள்ளும். வாய்க்குள் புண் வரும். வெயில் பட்டால் இரண்டு கன்னமும் சிவந்து எரியும். மெல்ல மெல்ல எல்லாம் வடிந்து ஆள் பழையபடி ஆகிறாள் என்னும்போது, ஈரோட்டுச் செல் மையத்திலிருந்து அடுத்த தடவைக்கான குறுஞ்செய்தி வந்து நிற்கும்.

பணிமனை டாக்டர் ஒருநாள் அவள் விரல்களை மடக்கிப் பார்த்துவிட்டு, இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. அதற்கு முந்தின வாரம் காந்திகிராமம் திருப்பத்தில் வண்டியை ஒடிக்க முடியாமல் அவளே பயந்துபோயிருந்தாள். இப்போது கரூர் பேருந்து நிலையத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து மைக்கில் அறிவிப்புச் சொல்கிற வேலை. வாய்ப்புண் இருக்கும் நாட்களில் நாக்கை மடித்துச் சொல்ல வேண்டிய ஊர்ப் பெயர்கள் முள்ளாகக் குத்தும். குளித்தலை, பள்ளபட்டி, வெள்ளகோவில் என்று கரூரைச் சுற்றி அப்படிப்பட்ட ஊர்கள்தான் அதிகம்.

குழந்தையும் இல்லை. வயிற்றில் வளர்கிற பிள்ளையை அன்னியன் என்று அம்மாவின் படை அடித்துவிடாமல் காப்பதும் அதே தணிப்புச் செல்கள்தானாம். அதனால் கொடுத்துக்கொண்டிருக்கும் காலத்தில் கர்ப்பம் கூடாது. அடுத்த வருஷம் இடைவெளி விட்டுப் பார்க்கலாம் என்று ஒவ்வொரு வருஷமும் பேசினார்கள். ஒரே ஒரு தடவை விட்டும் பார்த்தார்கள். மௌலியை இரண்டு பேர் சேர்ந்து கட்டிலிலிருந்து தூக்கி உட்கார வைக்க வேண்டியதாயிற்று. அவள் வயிற்றில் தங்கிய கருவும் மூன்றாம் மாதம் கலைந்தது. அப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

ஆனால் மௌலி நிமிர்ந்துவிட்டான். படுக்கை விரிப்பு ஏற்றுமதி செய்கிற கம்பெனி ஒன்றில் டிசைன் போடுகிறான். பைக் ஓட்டுகிறான். காலையில் குனிந்து ஷூவின் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஒரே மூச்சில் நிமிர்வான். காய்ச்சலில் சுருண்டு கிடக்கிற நாட்களிலும் தாரகை அதைப் படுத்த இடத்திலிருந்தே பார்ப்பாள். அதில் தனக்கும் ஏதோ பங்கு இருக்கிறது என்று தோன்றும். தோன்றிய கையோடு அலுப்பாகவும் இருக்கும்.

அந்தப் பங்குனியில் செல் மையத்துக்குப் போனபோது டாக்டர் மெஹருன்னிசா அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"உட்காருங்க தாரகை. மௌலி வெளியவே இருக்கட்டும்." அவரும் களைத்துத்தான் இருந்தார். மேஜையில் டீ ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது. "உங்க டெஸ்ட் ரிசல்ட் வந்திருக்கு. தணிப்புச் செல் பாதிக்கும் கீழ போயிருச்சு. எடுக்க எடுக்க உடம்பு திரும்ப உண்டாக்கிக்கும்னுதான் நாங்க எல்லாருமே நினைச்சோம். சில வருஷம் உண்டாக்குச்சு. அப்புறம் உடம்புக்கே அலுத்துப் போச்சு."

"ஒடம்புக்குமாங்க அலுப்பு வரும்?"

"வருது. உங்களுக்கு மட்டும் இல்ல, நிறையப் பேருக்கு வர ஆரம்பிச்சிருக்கு. முக்கால்வாசி பேர் பொண்டாட்டிங்க." டாக்டர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "இப்ப உங்க படையும் உங்களையே அடிக்கப் பாக்குது. ரத்தத்துல அதுக்கான அடையாளம் தெரியுது. அடுத்தது கிட்னியைத்தான் தொடும்."

"அவருக்கு வந்த அதே நோவா?"

"அது முதுகெலும்பு. இது வேற பேர்ல வரும். ஆனா ரெண்டும் ஒரே குடும்பத்து நோய்தான்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "விதிப்படி இதை முதல்ல குடுக்கறவங்ககிட்டதான் சொல்லணும். வாங்கறவர்கிட்ட சொல்லணுமா வேண்டாமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும். நிறுத்துங்கன்னு நீங்க சொன்னா இந்த நிமிஷமே நிறுத்திடறேன்."

"சொல்லலைன்னா?"

"சொல்லலைன்னா இன்னிக்கு எடுக்கறதுக்கு எனக்கு அனுமதி இருக்கு. எடுத்துக்கலாம்னு நான் சொல்ல மாட்டேன்."

கதவின் கண்ணாடி வழியாகச் சாய்வு நாற்காலிகள் தெரிந்தன. எல்லாம் ஜோடி ஜோடியாகப் போட்டவை. ஒன்றில் கொடுப்பவர், பக்கத்தில் வாங்குபவர். ஒரு நாற்காலியில் மௌலி உட்கார்ந்து நர்ஸிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

"நிறுத்தினா அவருக்கு என்னாகுமுங்க?"

"பழைய மாத்திரை ஊசிக்குத்தான் போகணும். புதுசா ஒண்ணு ரெண்டு ஊசி வந்திருக்கு. கேக்கலாம், கேக்காமலும் போகலாம். பழைய டி.பி. தலை தூக்காம பார்த்துக்கணும். இப்ப இருக்கற மாதிரி இருக்க முடியாது."

தாரகை மறுபடி கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பிறகு, "இன்னிக்கு ஒருக்கா எடுத்துக்குங்க டாக்டர்," என்றாள்.

"ஏன்?"

"அவரு சட்டைக் கையை மடிச்சு விட்டுட்டு உக்காந்திருக்காருங்க."

அந்தத் தடவை காய்ச்சல் இறங்கவில்லை. காலையில் எழும்போது முகம் உப்பியிருந்தது. மாலையில் செருப்பு வார் பாதத்தில் பதிந்து குழி விழுந்தது. எடுக்க லீவும் இல்லாததால் தினமும் கூண்டுக்குப் போய் உட்கார்ந்தாள். ஒரு மத்தியானம் திண்டுக்கல் வண்டியை அறிவிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். அரவக்குறிச்சி வழி என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஒலிபெருக்கியில் மூச்சு மட்டும் இரைந்தது. பயணிகள் அண்ணாந்து பார்த்தார்கள். டைம் கீப்பர் ஓடிப்போய்க் கூண்டைத் திறந்தபோது அவள் மேஜையில் தலையைச் சாய்த்துக் கிடந்தாள்.

கிட்னியைத் தொட்டுவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வந்த மெஹருன்னிசா வராந்தாவில் வைத்து மௌலியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"போன தடவையே உங்களுக்குத் தெரியுமுங்களா டாக்டர்?"

"தெரியும்."

"அப்பறம் எதுக்குங்க எடுத்தீங்க?"

"அவங்க எடுக்கச் சொன்னாங்க," என்றார் டாக்டர். சொன்ன பிறகு அந்தப் பதில் அவருக்கே போதவில்லை போலிருந்தது. "நான் மறுத்திருக்கலாம். மறுக்கல."

மௌலி உள்ளே வந்து கட்டிலருகே நின்றான்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க?"

"வேண்டாம்னிருப்பேன்."

"அதுக்குத்தான் சொல்லல," என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "அது பொய்ங்க," என்றாள். "ஒருவேளை நீங்க வேண்டாம்னு சொல்லாம இருந்துட்டா? அந்தப் பயத்துலதான் சொல்லல."

மௌலி ஒன்பது வருஷமாக ஒவ்வொரு தடவையும், "இன்னிக்கு எப்புடி இருக்குது?" என்று அவளைக் கேட்டிருக்கிறான். "இந்தத் தடவை வேண்டாமா?" என்று ஒரு தடவையும் கேட்டதில்லை. அது அவனுக்கு அப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும். கட்டில் கம்பியைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றான்.

வேறு வழி என்ன என்று பேசும்போது டாக்டர் கேட்டார், "உங்களுக்குக் கூடப்பிறந்தவங்க இருக்காங்களா? அண்ணன் தம்பி, அக்கா தங்கைக்குள்ள நாலுல ஒருத்தருக்குச் சேரும்."

"ஒரு தங்கச்சிங்க. இனியா. கல்யாணத்துக்கு முந்தியே வேறொரு லேப்ல பாத்தாங்க. சேரலைன்னு அம்மா சொன்னாங்க."

"எதுக்கும் மறுபடி ஒரு தடவை பாக்கச் சொல்லுங்க. அந்தக் காலத்து டெஸ்ட் அவ்வளவு துல்லியம் இல்ல."

தாரகை வீடு திரும்பிய பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை இனியா உடுமலையிலிருந்து வந்தாள். சித்திரை வெயிலில் முழங்கை மறைய நீளக் கை வைத்த ரவிக்கை போட்டிருந்தாள். வந்ததும் நேராகத் தாரகையின் கட்டிலுக்குப் போய் அவள் உப்பிய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சுகன்யா மகள் வந்த சந்தோஷத்தில் சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்தபடி இருந்தாள். பழனி, கருவலூர், கொடுமுடி என்று மகளுக்காகப் போய்வந்த கோயில்களைப் பற்றிப் பேசினாள். ஏழு வருஷமாக மகளுக்குக் குழந்தை இல்லாதது அவளுக்கு ஓயாத கவலை.

மௌலி சுற்றி வளைக்காமல் கேட்டான். "இனியா, எனக்காக நீ இன்னொருக்கா டெஸ்ட் பண்ணிப் பாக்கறியா?"

"எதுக்குண்ணா இன்னொருக்கா? அதுதான் சேருமே," என்றாள் இனியா.

சமையலறை வாசலில் சுகன்யா அப்படியே நின்றாள்.

இனியா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னுமா அண்ணங்கிட்ட சொல்லல?"

"என்னம்மா இது?" என்றான் மௌலி.

சுகன்யா கரண்டியைக் கீழே வைக்கவில்லை. மறுக்கவும் இல்லை. "ஆமா. சேர்ந்துது," என்றாள். "கட்டிக் குடுக்கப் போற பொண்ணு. மூணு மாசத்துக்கு ஒருக்கா இவ ஒடம்புல இருந்து உருவி எடுத்துட்டு இருந்தா எவன் வந்து கட்டுவான்? இவளுக்குப் புள்ளகுட்டி வேண்டாமா? நீயும் நோவக் கூடாது, இவளும் நோவக் கூடாது. ரெண்டு பேத்தையும் நான்தான பெத்தேன்? என்னைய என்ன பண்ணச் சொல்ற?"

கட்டிலில் படுத்தபடியே தாரகை பேசினாள். குரலில் கோபம் இல்லை. கோபப்படுகிற அளவுக்கு உடம்பில் தெம்பு இல்லை.

"என்னையவும் ஒருத்தி பெத்திருக்காங்க அத்தை."

சுகன்யாவின் கையிலிருந்த கரண்டி தாழ்ந்தது.

"புள்ளகுட்டி வேண்டாமான்னு கேட்டியே," என்றாள் இனியா. "எங்கம்மா புள்ள?" ரவிக்கைக் கையை மேலே ஏற்றிவிட்டாள். முழங்கை மடிப்பில் தாரகைக்கு இருந்த அதே ஊசித் தழும்புகள், பழையதும் புதிதுமாக. "எங்க மாமியாருக்குக் குடுத்துட்டிருக்கேன். கல்யாணமான வருசத்துல இருந்தே."

அடுப்பில் ரசம் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. போய் அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

"அது எப்புடி..." என்று சுகன்யா இழுத்தாள். "அவங்களுக்கு எப்புடித் தெரியும்? நான் யாருகிட்டயுமே சொல்லலையே."

"நீ சொல்ல வேண்டியதே இல்லம்மா. டெஸ்டுக்கு ரத்தத்தைக் குடுத்த அன்னிக்கே அது செல் பதிவுல ஏறிருச்சு. தரகருங்க எல்லாம் அதைத்தான் பாக்கறாங்க. உடுமலையில இருந்து அவ்வளவு பெரிய எடம் நம்ம வீட்டைத் தேடிக்கிட்டு எதுக்கு வந்துதுன்னு நெனச்ச? இதே தரகர்தான அண்ணியைக் கொண்டாந்தாரு? அண்ணியை நீ எப்புடிக் கண்டுபிடிச்சியோ, அப்புடித்தான் அவங்க என்னையக் கண்டுபிடிச்சாங்க."

"நீ ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"நீ சந்தோசமா இருந்தியேம்மா."

சுகன்யா வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அறுபது வயதைத் தாண்டியவள், அந்த நேரத்தில் இன்னும் வயதானவளாகத் தெரிந்தாள். அன்று சமைத்ததை யாரும் சாப்பிடவில்லை.

சாயங்காலம் இனியா கிளம்பியபோது மௌலி வாசலில் மறித்தான். "நீ போக வேண்டாம். இங்கயே இரு. நான் பேசிக்கறேன்."

"அவங்க கெட்டவங்க இல்லண்ணா," என்றாள். "நான் காச்சல்ல கெடந்தா நெத்தில ஈரத்துணி போட்டுட்டு விடிய விடிய பக்கத்துலயே உக்காந்திருப்பாங்க. சோத்தைப் பெசஞ்சு ஊட்டியே விடுவாங்க. அந்தக் கை மடங்கறதே நான் குடுக்கறதுனாலதான். நிறுத்திட்டு அந்தக் கையை நான் எப்புடிப் பாக்கறது?"

"இவளைப் பாத்தீல்ல?"

"பாத்தேன்." இனியா கட்டில் இருந்த அறைப் பக்கம் பார்த்தாள். "நானும் யோசிக்கறேன்ணா. இன்னிக்கே என்னைய முடிவு சொல்லச் சொல்லாத."

பேருந்து ஏறிப் போய்விட்டாள்.

மௌலி யாரிடமும் வாங்குவதில்லை என்று முடிவு செய்தான். பழைய வழிக்கே திரும்பினான். படையை மயக்கத்தில் போடுகிற ஊசி, டி.பி. வராமல் இருக்க ஒரு மாத்திரை, வயிறு எரியாமல் இருக்க இன்னொன்று. புது ஊசி பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை. ஆடி மாதத்தில் அவன் பைக்கை விற்றுவிட்டான். ஆவணியில் கம்பெனியில் சொல்லி வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கினான். நடக்கும்போது பார்வை தரையைத் தாண்டுவதில்லை. ஷூவைத் தாரகை கட்டிவிட்டாள், விரல்கள் ஒத்துழைக்கிற நாட்களில்.

அவளுக்கும் அதே போன்ற மாத்திரைகள்தான். முகம் வட்டமாக வீங்கிப் பழைய ஆள் அடையாளம் தெரியாமல் போனது. இரண்டு பேரின் படையும் அரைமயக்கத்தில் இருந்ததால் அந்த வீட்டில் யாரும் தும்மினாலே பயம். வந்தவர்களை வாசலோடு பேசி அனுப்பினார்கள். கல்யாணம், காது குத்து எதற்கும் போவதில்லை. ஒருவிதத்தில் அவர்கள் இரண்டு பேரும் இப்போதுதான் நிறையப் பேசிக்கொண்டார்கள். அதிகமும் மாத்திரைகளைப் பற்றி.

சுகன்யா மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. கிட்னிக்காகத் தாரகைக்கு உப்பில்லாமல் தனிப் பாத்திரத்தில் சமைத்தாள். ஒருநாள் தாரகை தண்ணீர் எடுக்க உள்ளே போனபோது, மாமியார் அந்தத் தனிப் பாத்திரத்துச் சோற்றைத் தட்டில் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். எத்தனை நாளாக அப்படி என்று தெரியவில்லை. இரண்டு பேருமே அதைப் பற்றிப் பேசவில்லை.

கார்த்திகையில் வெள்ளகோவிலிலிருந்து தாரகையின் அம்மா போன் செய்தாள். குரலில் துள்ளல் இருந்தது.

"கண்ணு, உனக்குச் சேர்ற ஆளு கெடச்சிருச்சு."

"யாரும்மா தேடச் சொன்னது?"

"உன்ற தம்பியோடது சேரலைன்னதும் அப்பாதான் உன்ற பேரைப் பதிஞ்சாரு. திருச்செங்கோட்டுப் பொண்ணு. நேத்ரான்னு பேரு. போர்வெல் போடற ரிக் வண்டி கம்பெனியில வேலை பாக்குது. தங்கமான பொண்ணு. நம்ம அருள்மொழிக்கே முடிச்சிரலாம்னு அப்பா சொல்றாரு. உன்ற தம்பிக்கும் ஒரு வழி ஆச்சு, நீயும் எந்திரிச்சு நடமாடுவ. நீ மறுபடி பஸ் ஓட்டலாம் கண்ணு!"

தாரகை சுவரில் சாய்ந்துகொண்டாள். பஸ் என்ற வார்த்தை உள்ளுக்குள் எங்கேயோ போய் விழுந்தது. அதிகாலையில் பணிமனையை விட்டு வெளியே எடுக்கும்போது வண்டி கையில் கொடுக்கிற அந்த மெல்லிய அதிர்வு ஞாபகம் வந்தது. ஒரு நிமிஷம் அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த ஒரு நிமிஷம் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

"அந்தப் பொண்ணு நெம்பர் குடும்மா," என்றாள்.

மாலையில் அழைத்தாள். மறுமுனையில் இளசான குரல், பின்னால் வெல்டிங் சத்தம். தாரகை தான் யார் என்று சொன்னாள். சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னாள்: காய்ச்சல், விரல், கலைந்த கரு, கிட்னி. எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. வெல்டிங் சத்தம் நின்றது. அந்தப் பெண் தள்ளி வந்து நின்றுகொண்டு கேட்கிறாள் என்று தெரிந்தது.

"அதனால பதிவுல இருந்து உன்ற பேரை எடுத்துரு கண்ணு. எழுதிக் குடுத்தா எடுத்துருவாங்க. எங்க வீட்ல நான் வேண்டாம்னு சொல்லிர்றேன்."

"அக்கா, நான் கொஞ்சம் கறுப்புங்க," என்றாள் நேத்ரா. "ஒரு காலு லேசா சாய்ச்சு நடப்பேன். பாக்க வந்தவங்க எல்லாம் காப்பி குடிச்சுட்டு, சொல்லி அனுப்பறோம்னு போயிருவாங்க. பதிவுல ஏறுனதுக்கு அப்பறம்தான் எங்க வீட்டுக்கு ஆளுகளே திரும்ப வர்றாங்க. உங்க வீட்லதான் மொதல்ல சரின்னு சொன்னாங்க. எங்கப்பா தெருவெல்லாம் சொல்லிட்டு வந்துட்டாரு. இப்ப நீங்களும் வேண்டாங்கறீங்க."

"உன்னைய வேண்டாங்கல கண்ணு. உன்ற செல்லைத்தான் வேண்டாங்கறேன்."

"அது ரெண்டும் வேற வேறயாங்க அக்கா?"

தாரகை தன்னை யாராவது ஒருவர் அப்படிப் பிரித்துப் பார்த்த நாள் ஒன்று உண்டா என்று தேடினாள். தானே பிரித்துப் பார்த்ததில்லை. பக்கத்து அறையில் மௌலி கட்டில் கம்பியைப் பிடித்து எழ முயலும் சத்தம், பிறகு மறுபடி உட்கார்ந்துவிட்ட சத்தம்.

"வேறதான்," என்றாள் கடைசியில். "ஞாயித்துக்கிழமை நீ கரூர் வா. உங்கப்பாவையும் கூட்டிட்டு வா. வந்து என்னையப் பாரு. அருள்மொழியையும் வரச் சொல்றேன். அவனைப் பாரு, பேசு. புடிச்சிருந்தா கட்டிக்க. புடிக்கலைன்னா காப்பி குடிச்சுட்டு, சொல்லி அனுப்பறோம்னு சொல்லிட்டு நீ போ."

மறுமுனையில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது, அழுகையோடு கலந்து.

"அப்ப உங்க ஒடம்புங்க அக்கா?"

"அதை அப்பறம் பாக்கலாம்," என்றாள் தாரகை. போனை வைத்துவிட்டு மௌலியைத் தூக்கிவிடப் போனாள்.